சதை துடித்தால் சேதியா? ஓயாத தசைத் துடிப்பும் காரணத் தேடலும்

இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அது தொடங்கும். இடது கெண்டைக்காலில், தோலுக்கு அடியிலிருந்து யாரோ விரலால் ஒருமுறை சுண்டியது போல. சற்று நேரத்தில் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஈரமண்ணுக்குள் மண்புழு நெளிவதைப் போலத் தோல் எழும்பி அடங்குவது கண்ணுக்கே தெரியும். வலி கிடையாது. கால் அசையாது. எழுந்து நடந்தால் நின்றுவிட்டது போலிருக்கும். படுத்தால் மறுபடி வரும். சில நாள் தொடையில், சில நாள் கட்டைவிரல் அடிச்சதையில், சில நாள் கண் இமையில். ஆறு ஆண்டுகளாக எனக்கு இப்படித்தான்.

மருத்துவத்தில் இதற்குப் பெயர் உண்டு: பினைன் ஃபேசிகுலேஷன் சிண்ட்ரோம். தீங்கற்ற தசைத் துடிப்பு என்று சொல்லலாம். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தசை துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் பலம் குறையாது, சதை வற்றாது, பரிசோதனையில் நரம்பு நோய் எதுவும் தென்படாது. பெயரில் 'தீங்கற்ற' என்ற சொல் இருந்தும், இதோடு வாழ்கிற பலர் தூக்கத்தையும் நிம்மதியையும் இழக்கிறார்கள். அவர்களை வாட்டுவது பெரும்பாலும் துடிப்பைவிட, அது எதனால் என்ற கேள்விதான்.

காரணம் தேடுவது நியாயமான காரியம். அதை ஒருமுறை முழுதாகச் செய்யவும் வேண்டும். ஆனால் அந்தத் தேடலுக்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவ ஆய்வுகளையும் என் அனுபவத்தையும் வைத்து, அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

துடிப்புக்குப் பலன் பார்க்கும் மரபு

உடல் துடித்தால் அதைச் சேதியாக எடுத்துக்கொள்வது நமக்குப் பழக்கமானது. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவைப் பாடும் காதை முடிகிற இடத்தில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்ணுக்கு இடம் துடித்தால் நன்மை, வலம் துடித்தால் தீமை என்ற நம்பிக்கை தெரிந்தவருக்கு, யாருக்குக் கூடல், யாருக்குப் பிரிவு என்பது அங்கேயே புரிந்துவிடும். கம்பனின் சீதையும் அசோகவனத்தில் தன் இடக்கண் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்லித்தான் பலன் கேட்கிறாள். எந்த உறுப்பு துடித்தால் என்ன நடக்கும் என்று சகுன நூல்கள் பட்டியலே போட்டிருக்கின்றன. இன்றும் வீட்டில் "கண் துடிக்குது" என்றால் "எந்தக் கண்ணு?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பலன் பார்க்கும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விடவில்லை. பஞ்சாங்கத்தின் இடத்துக்குக் கைப்பேசி வந்திருக்கிறது. 'சதை துடித்தால் என்ன நோய்' என்று நள்ளிரவில் தேடுகிறவருக்கு, திரை முதலில் காட்டுவது மிகக் கொடிய நோயின் பெயரை. கண்ணகி காலத்துப் பலனிலாவது பாதி வாய்ப்பு நன்மைக்கு இருந்தது.

நம்மிடம் இன்னொரு பலனும் புழக்கத்தில் இருக்கிறது: நரம்புத் தளர்ச்சி. கை நடுங்கினாலும் சதை துடித்தாலும் உடல் சோர்ந்தாலும் ஊரில் அந்த ஒரே பெயர்தான். சுவர் விளம்பரங்களும் துண்டுப் பிரசுரங்களும் பல தலைமுறைகளாக அந்தப் பெயரைச் சொல்லி மருந்து விற்றிருக்கின்றன. நவீன நரம்பியலில் அப்படி ஒரு நோயே இல்லை. தசைத் துடிப்பைப் பொறுத்தவரை அந்தப் பெயர் நேர்மாறானதும்கூட. இங்கே நரம்பு தளரவில்லை. தேவைக்கு மேல் விழித்துக்கொண்டிருக்கிறது.

தோலுக்கு அடியில் நடப்பது

தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இயக்க நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஒரு நீண்ட இழை கிளம்பித் தசைக்குப் போய், அங்கே பல கிளைகளாகப் பிரிந்து பல தசைநார்களைத் தொடுகிறது. அந்த ஒரு செல்லும் அது ஆளும் தசைநார்களும் சேர்ந்ததே ஓர் இயக்க அலகு. கருவிழியை அசைக்கும் நுண்ணிய தசைகளில் ஓர் அலகுக்குப் பத்துப் பதினைந்து நார்கள்தான் இருக்கும். கெண்டைக்காலில் ஓர் அலகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை ஆளும். கெண்டைக்காலில் வருகிற ஒற்றைத் துடிப்புகூடத் தோலைத் தூக்கிக் காட்டுவதற்கு இதுவே காரணம்.

மூளை கட்டளையிடாதபோதும் ஒரு நரம்பிழை தானாக ஒருமுறை மின்துடிப்பை எழுப்பிவிட்டால், அது ஆளும் நார்கள் அத்தனையும் ஒரே கணத்தில் சுருங்கி விடுபடும். நாம் உணரும் துடிப்பு அதுதான். தீங்கற்ற துடிப்பில் இந்தப் பொறி பெரும்பாலும் நரம்பிழையின் கடைக்கோடிக் கிளைகளில், தசைக்கு மிக அருகில் எழுகிறது. நரம்பின் உறையில் சோடியமும் பொட்டாசியமும் போய்வரும் நுண்வாசல்கள் உள்ளன. சோடிய வாசல் திறந்தால் பொறி எழும். பொட்டாசிய வாசல் திறந்தால் அடங்கும். கால்சியம் அந்தச் சோடிய வாசலுக்குக் காவல் போல நிற்கிறது. இந்த மூன்றில் எங்கே சமநிலை சற்றுச் சாய்ந்தாலும் நரம்பு எளிதில் பொறி விடும்.

1938-இல் டெனி-பிரவுனும் பென்னிபேக்கரும் 'பிரெய்ன்' இதழில் எழுதிய கட்டுரை, அதுவரை ஒரே பெயரில் குழம்பிக் கிடந்த இரண்டு நிகழ்வுகளைப் பிரித்து வைத்தது. ஒரு முழு இயக்க அலகு சேர்ந்து துடிப்பது ஃபேசிகுலேஷன். இது கண்ணுக்குத் தெரியும். நரம்புத் தொடர்பை இழந்த தனித்தனித் தசைநார்கள் தாமாகத் துடிப்பது ஃபிப்ரிலேஷன். இது தோலுக்கு மேல் தெரியாது, ஊசிமுனைக் கருவிக்கு மட்டுமே அகப்படும். முதலாவது ஆரோக்கியமானவருக்கும் வரும். இரண்டாவது பெரும்பாலும் நரம்பிலோ தசையிலோ சேதம் இருப்பதைக் காட்டும். பயந்துபோய் வருகிறவரை ஆறுதலோடு திருப்பி அனுப்ப மருத்துவருக்குக் கைகொடுப்பது இந்த வேறுபாடுதான்.

நம்மில் எத்தனை பேருக்கு?

1963-இல் ரீட், குர்லாண்ட் என்ற இரு மருத்துவர்கள் ஆரோக்கியமான மனிதர்களிடம் தசை துடித்த அனுபவம் உண்டா என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். பாதத்துத் தசைகளில் மின்முனை வைத்துப் பதிவு செய்த பிற்கால ஆய்வுகளும், அல்ட்ராசவுண்டில் பார்த்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன: நாம் உணராத துடிப்புகள் நம் உடலில் நாள்தோறும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே தசை துடிப்பது மனித உடலின் இயல்புகளில் ஒன்று. ஒரு சிலருக்கு அது அடிக்கடியும் பல இடங்களிலும் வந்து, கவனத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தச் சிலரில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் செவிலியர்களும் கணிசமாக இருப்பதை நரம்பியல் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சைமனும் கியர்னனும் 2013-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள்: மருத்துவர்களுக்கு வரும் துடிப்புப் பதற்றம். மருத்துவரின் நரம்பு மற்றவர் நரம்பைவிட வேறுபட்டதில்லை. கண்ட துடிப்புக்குப் பொருள் சொல்லும் பாடநூல் அவர் தலைக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இன்று அந்தப் பாடநூல் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது.

பெரிய பயம்

அந்தப் பயத்தின் பெயர் அமையோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக ஏ.எல்.எஸ். இயக்க நரம்பு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும் நோய். அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939-இல் கண்டறியப்பட்டதால் அங்கே அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 21 வயதில் இதே வகை நோய் கண்டறியப்பட்ட ஸ்டீபன் ஹாக்கிங்கை நாம் எல்லோரும் அறிவோம். ஐரோப்பியப் பதிவேடுகளின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் சுமார் 2 பேருக்குப் புதிதாக வருகிறது. இந்த நோயிலும் தசை துடிக்கும். அச்சம் முளைப்பது இங்கேதான்.

ஆனால் ஏ.எல்.எஸ். நோயாளி மருத்துவரிடம் கொண்டுவரும் முறையீடு பெரும்பாலும் வேறு. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சாவியைத் திருப்ப வரவில்லை, நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழல்கிறது, பேச்சு குழறுகிறது, தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. செல்கள் மடிவதால் பலம் போகிறது. பலம் போன தசை வற்றுகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே உள்ள சதை குழிவிழுகிறது. துடிப்பு இந்தச் சரிவின் கூடவே வரும் ஒரு துணை அடையாளம். கால் கனக்கிற மாதிரி *இருப்பது* வேறு. நுனிக்காலில் நிற்க *முடியாமல் போவது* வேறு. பதற்றம் முதலாவதை எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கும். இரண்டாவதை உண்டாக்காது.

இதற்கு வலுவான சான்று 1993-இல் வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிளெக்ஸ்ரட், விண்டபேங்க், டௌப் மூவரும், தீங்கற்ற துடிப்பு என்று முடிவுசெய்யப்பட்ட 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்குக்கூட இயக்க நரம்பு நோய் வரவில்லை. துடிப்போடு வாழ்கிறவர்களுக்கு இந்த ஓர் ஆய்வு தந்திருக்கும் ஆறுதலை எந்த மாத்திரையும் தந்ததில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. துடிப்பும் குரக்குவலியும் மட்டுமே முதலில் இருந்து, பிறகு ஏ.எல்.எஸ். ஆக மாறிய 4 பேரைப் பற்றி 2011-இல் ஓர் அறிக்கை வெளியானது. இத்தகைய அரிதான நிகழ்வுகள் இருப்பதால்தான், குறிப்பாக நடுவயதைக் கடந்து புதிதாகத் துடிப்பு தொடங்கியவரை நல்ல மருத்துவர் சில மாதங்கள் கழித்து மறுபடி வரச்சொல்கிறார். அது சந்தேகத்தின் அடையாளம் என்று கலங்க வேண்டியதில்லை. முறையான கவனிப்பின் பகுதி. ஜப்பானின் அவாஜி தீவில் 2006-இல் கூடி வல்லுநர்கள் வகுத்து, 2008-இல் வெளியான வரையறைகளும் துடிப்பை ஏ.எல்.எஸ். சான்றாக எடுத்துக்கொள்ள ஒரு நிபந்தனை வைக்கின்றன: அந்தத் தசையில் நாள்பட்ட நரம்புச் சேத அடையாளமும் கூடவே இருக்க வேண்டும். தனித் துடிப்பு போதாது.

சதை வற்றினாலும் முடிவு ஒன்றேதான் என்று நினைப்பதும் தவறு. 1970-இல் சென்னையிலிருந்து மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர், இளம் வயதில் தொடங்கி, முகத்தையும் நாக்கையும் கைகால்களையும் பாதித்து, பலருக்குக் காது கேளாமையோடு, மெதுவாகவே நகரும் ஓர் இயக்க நரம்பு நோயை விவரித்தார்கள். உலக நரம்பியல் நூல்களில் அது 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே இடம்பெற்றுவிட்டது. நம் ஊர் மருத்துவர்கள் பெயரைப் பார்த்து மிரளாமல், நோயாளியின் நடையையும் காலத்தையும் கவனித்ததால் கிடைத்த அறிவு அது.

தேடினால் கிடைக்கும் காரணங்கள்

முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தின் உப்புகள். கால்சியம் குறைந்தால் காவல் தளர்ந்து நரம்பு பொறி விடும். வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தவர்களுக்கும், தைராய்டு அறுவைச் சிகிச்சையில் அருகிலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது நேரும். மக்னீசியம் குறைந்தாலும் அப்படியே. நம் வீடுகளில் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லிக் காலையில் வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்காக விழுங்கும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் சிலருக்கு மக்னீசியத்தை இறக்கிவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரையைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்களே அதிகம். அதை மருந்தாகவே நாம் நினைப்பதில்லை.

தைராய்டு மிகையாகச் சுரந்தால் துடிப்பும் நடுக்கமும் வரலாம். முதுகெலும்புத் தட்டு நகர்ந்து நரம்பு வேரை நெருக்கினால், அந்த வேருக்குரிய இடத்தில் மட்டும் துடிப்பு, கூடவே வலியோ மரத்துப்போதலோ இருக்கும். லித்தியம் போன்ற சில மருந்துகளும், சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதும் காரணமாகலாம்.

வயலில் நிற்கிறவர்களுக்கு வேறொரு காரணம் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்ந்தால், நரம்பு தசைக்குச் சொன்ன சேதியை அழிக்கும் நொதி செயலிழந்து, சதை சதையாகத் துடிக்கும். வியர்வை கொட்டும், எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். இது ஆண்டுக்கணக்கில் ஓடும் தீங்கற்ற துடிப்போடு சேராது. மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் அவசரம். மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு உடம்பு துடித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

அடுத்தது பாதரசம். அனுமதியற்ற சித்த மருந்துகளைச் சாப்பிட்ட பிறகு தசைத் துடிப்பும் வலியும் தூக்கமின்மையுமாக வந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அவர்கள் உடலில் பாதரச நஞ்சு இருந்தது. பார்வைக்கு அது ஐசக்ஸ் நோய் என்ற நரம்பு நோய் போலவே இருந்தது. முறைப்படி படித்து உரிமம் பெற்ற சித்த மருத்துவரை இது குறிக்காது. பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பஸ்பமும் செந்தூரமும்தான் ஆபத்து. துடிப்புக்கு மருந்து தேடி நரம்புத் தளர்ச்சி விளம்பரத்தின் வாசலுக்குப் போகிறவர், துடிப்பை உண்டாக்கும் பொருளையே வாங்கிவரக் கூடும் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஐசக்ஸ் நோய் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஐசக்ஸ் 1961-இல் விவரித்தது. தூக்கத்திலும் ஓயாத தசை அசைவு, விறைப்பு, மிகை வியர்வை. பலருக்கு இது, நரம்பின் பொட்டாசிய வாசலோடு தொடர்புள்ள புரதங்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குவதால் வருகிறது. இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைக் கண்டறியலாம், சிகிச்சையும் உண்டு. இதற்கும் தீங்கற்ற துடிப்புக்கும் நடுவே, துடிப்போடு அடிக்கடி குரக்குவலியும் வரும் ஒரு நிலை இருக்கிறது. 1978-இல் ஹட்சனும் உடன் பணிசெய்தவர்களும் வலியோடு கூடிய துடிப்பை விவரித்தார்கள். 1991-இல் தமூஷ் குழுவினர் குரக்குவலி-துடிப்பு நிலை என்று பெயரிட்டு, அது கார்பமாசெபின் மருந்துக்குக் கட்டுப்படுவதைக் காட்டினார்கள். இவை எல்லாம் ஒரே பாதையில் வெவ்வேறு தூரங்களா, வெவ்வேறு நோய்களா என்பது இன்னும் முடியாத விவாதம்.

பயமே காரணமாகும்போது

பட்டியலில் உள்ள எதுவும் பெரும்பாலோருக்கு இருக்காது. எனக்கும் இல்லை. அப்போது மிஞ்சுவது, நோய் என்று சொல்ல முடியாத, ஆனால் உடலை உண்மையிலேயே தூண்டுகிற விஷயங்கள்: தூக்கக் குறைவு, கடும் உடற்பயிற்சி, காய்ச்சலுக்குப் பிந்தைய வாரங்கள், மிகையான காப்பி, ஓயாத கவலை. காப்பியை நிறுத்தியதும் துடிப்பு குறைந்ததாகப் பலர் சொல்வார்கள். அதற்கான ஆய்வுச் சான்று மெலிதானது. இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

கவலையைப் பற்றிச் சொன்னால் "எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா?" என்று கோபம் வரும். எனக்கும் வந்தது. துடிப்பு பிரமை இல்லை, கண்ணால் பார்க்கக்கூடியது. கவலை அதை ஊட்டி வளர்க்கும் வழியும் உடலியல்தான். பயந்தவர் அறியாமலே வேகமாக மூச்சுவிடுகிறார். கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் குறைகிறது. காவல் தளர்ந்த நரம்பு பொறி விடுகிறது. பரிசோதனைக்கூட அறிக்கையில் மொத்தக் கால்சியம் சரியாகவே இருக்கும். துடிப்பு பயத்தைக் கூட்ட, பயம் தூக்கத்தைக் கெடுக்க, தூக்கக் குறைவு மறுபடி துடிப்பைக் கூட்டுகிறது. இந்தச் சுழலில் எது முதலில் வந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. எங்கிருந்து வேண்டுமானாலும் அறுக்கலாம் என்பதே முக்கியம்.

துடிப்போடு பலருக்கு உள்ளங்கால் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, உழைத்தால் சீக்கிரம் அயர்வு ஆகியவையும் இருக்கும். இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வலியுணர்வைக் கடத்தும் நுண்ணிழைகளில் பாதிப்பு இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எரிச்சல் தொடர்ந்தால் சர்க்கரை, வைட்டமின் பி12 அளவுகளைப் பார்ப்பது பயனுள்ளது.

ஊசிமுனையில் கேட்ட சத்தம்

நான் முதலில் பார்த்த மருத்துவர் என் காலைத் தொட்டும் பார்க்காமல் "ஒண்ணும் இல்லை, டென்ஷன்" என்று சத்து மாத்திரை எழுதித் தந்தார். அவர் சொன்ன முடிவு சரிதான். ஆனால் தொடாமல் சொன்ன சொல்லை என் மனம் ஏற்கவில்லை. அடுத்த எட்டு மாதங்கள் நானே எனக்கு மருத்துவனானேன். தினமும் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்த்தேன். இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்தேன். நாற்பது முறை நுனிக்காலில் ஏறி இறங்கினேன். களைத்த சதை இன்னும் அதிகமாகத் துடித்தது. அதையே நோயின் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவதாகப் பார்த்த நரம்பியல் மருத்துவர் இருபது நிமிடம் ஒதுக்கினார். "குதிகால்ல நடங்க. இப்ப நுனிக்கால்ல. ஒத்தக் கால்ல நில்லுங்க. என் விரலை அழுத்திப் பிடிங்க, விடாதீங்க." சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். நாக்கை வாய்க்குள் தளர்வாக வைக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டினால் யாருக்கும் அது நடுங்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு இ.எம்.ஜி., தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஊசிப் பரிசோதனை.

மெல்லிய ஊசியைக் கெண்டைக்காலில் இறக்கி, கருவியின் ஒலிபெருக்கியைத் திறந்தார்கள். காலைத் தளர்த்தச் சொன்னபோது நிசப்தம். தசைநார்கள் நரம்பை இழந்திருந்தால் அந்த நிசப்தத்தில் தகரக் கூரையில் மழை பெய்வது போல இடைவிடாத சத்தம் கேட்கும் என்றார் மருத்துவர். மழை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு 'டப்'. பிறகு மௌனம். மறுபடி ஒரு 'டப்', சோளம் பொரிகிற மாதிரி. "இதுதான் உங்க ஆளு," என்றார். எட்டு மாதம் என்னை மிரட்டியதை ஒலியாகக் கேட்ட அந்தக் கணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது தனியாக இருந்தது. அதோடு வேறு எதுவும் இல்லை.

"ஒண்ணும் இல்லை" என்றே அவரும் முடித்திருக்கலாம். அவர் சொன்னது வேறு: "உங்களுக்குத் துடிப்பு இருக்கு. அது நிஜம். அதோட பேர் இது. இது வளராது. பலம் குறைஞ்சா மட்டும் வாங்க." தீங்கற்ற நிலை என்றாலும் நோயாளிக்கு ஒரு பெயரும் ஒரு விளக்கமும் சேர வேண்டும். அதைக் கொடுக்க மருத்துவருக்குச் செலவாவது சில நிமிடங்கள். கொடுக்காவிட்டால் நோயாளிக்குச் செலவாவது மாதங்கள்.

எல்லைக்கு அப்பால் வாழ்வது

தேடலின் எல்லையை இப்போது சொல்லலாம். நரம்பியல் மருத்துவர் கைவைத்துச் செய்யும் முழுப் பரிசோதனை ஒன்று. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை ஒருமுறை. சாப்பிடும் மாத்திரை, லேகியம், பஸ்பம், காப்பி அத்தனையின் உண்மையான பட்டியல். மருத்துவர் தேவை என்று கருதினால் இ.எம்.ஜி. சில மாதங்கள் கழித்து ஒரு மறுபார்வை. இவை சரியாக இருந்தால் அங்கே நிறுத்த வேண்டும். ஆறுதலுக்காக எடுக்கும் இரண்டாவது, மூன்றாவது பரிசோதனை பெரும்பாலும் சில நாள் நிம்மதியைத் தந்துவிட்டுப் புதிய சந்தேகத்தைப் பிறப்பிக்கும்.

பலம் குறைந்தால், சதை குழிவிழுந்தால், பேச்சோ விழுங்குதலோ மாறினால், படுத்தால் மூச்சுத் திணறினால் எல்லையைத் தாண்டி மறுபடி போகலாம், போக வேண்டும்.

மருந்தைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. தீங்கற்ற துடிப்பை முற்றாக நிறுத்தும் மருந்து இல்லை. மக்னீசியம் மாத்திரை பலருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. இரத்தத்தில் குறைவில்லாதவருக்கு அது பயன்படுவதற்குச் சான்று குறைவு. முதியவர்களின் குரக்குவலிக்குக்கூட அது குறிப்பிடத்தக்க பலன் தருவதில்லை என்றே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு முடிவு செய்தது. குரக்குவலி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் கபாபென்டின், கார்பமாசெபின் போன்றவற்றை மருத்துவர் பார்த்துத் தரலாம். கார்பமாசெபின் ஆசியர்கள் சிலருக்குத் தோலை உரித்தெடுக்கும் கடுமையான எதிர்விளைவை உண்டாக்கக்கூடியது. தெரிந்தவர் சாப்பிட்டார் என்று கடையில் வாங்கக் கூடாது.

துடிப்பு பெரும்பாலோருக்கு ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கித் தொடர்கிறது. எனக்குத் துடிப்பு நின்றதால் நிம்மதி வரவில்லை. அளப்பதை நிறுத்தியதால் வந்தது. தையல் டேப்பைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். இரவு பத்தரைக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் வைக்கிறேன். மாலையில் மிதமாக நடக்கிறேன். மனநல ஆலோசகர் ஒருவரிடம் நான்கு மாதம் போனேன். பயத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறேன் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

போன மாதம் இரவு பதினொரு மணிக்கு என் சித்தி மகன் அழைத்தான். கல்லூரி இறுதியாண்டு, தேர்வுக் காலம். "அண்ணா, ரெண்டு வாரமா கால் சதை துடிச்சுட்டே இருக்கு. ஃபோன்ல பார்த்தேன். இது எதனாலண்ணா?" குரல் உடைந்திருந்தது. எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. "விடுதியில் எத்தனாவது மாடிடா உனக்கு?" என்றேன். மூணாவது என்றான். "ஏறி வர முடியுதா?" "அதெல்லாம் ஓடியே வரேன்." சாப்பிட்டானா, தூங்கினானா, எத்தனை காப்பி என்று கேட்டேன். தேர்வு முடிந்ததும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் ஒரே ஒருமுறை கூட்டிப் போகிறேன் என்றேன். அதுவரை ஃபோனில் பார்க்காதே என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, உங்களுக்கு இன்னும் துடிக்குதா?" என்று கேட்டான். போர்வையை விலக்கிப் பார்த்தேன். "இப்பவும் துடிக்குதுடா," என்றேன். மறுமுனையில் அவன் நீளமாக மூச்சு விடுவது கேட்டது.